சாட்சிச் சதுரம்

மோகினியின் உள்ளங்கையில்
காய்ப்பு இருக்கிறது.

நானூறு வருஷத்து எண்ணெய்ப்புகை, வவ்வால் எச்சம்,
அதன்மேல் எவரோ அடித்த சுண்ணாம்பு.
மூன்று நாள் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தபின்
கட்டைவிரலுக்குக் கீழே தெரிந்தது,
கழி ஊன்றி ஊன்றித் தடித்த கை.
தோளும் அப்படித்தான்.
முலைகள் பிறகு வைத்தவை,
உடம்போடு ஒட்டாத கோட்டில்.

துவாரபாலகர் இருவரும் அவனே.
பாற்கடல் கடைகிற அசுரர்களில்
வால்பக்கம் மூன்றாவதாக நிற்பவனும்.
இடது காது மடல் எங்கும் கிழிந்திருக்கிறது.
குகன் மட்டும் வேறு யாரோ.
ஓடக்காரனை ஓடக்காரனாக எழுத
மனசு வரவில்லை போலும்.

கோயில் கணக்கு ஓலையில்:
சித்திரம் எழுதும் ஓபண்ணனுக்கு நெல் இரு கலம்,
பிசினுக்கு இவ்வளவு, விளக்குக்கரிக்கு இவ்வளவு,
நிற்கிற ஆளுக்கு நாழி அரிசி.
பன்னிரண்டு வருஷம்
நிற்கிற ஆளுக்கு நாழி அரிசி.
பெயர் இல்லை.
ஐப்பசியில் அரசலாறு கரையுடைத்த வருஷத்தோடு
அந்த வரி நின்றுபோகிறது.
அதற்குப் பிறகு
விளக்குக்கரி மட்டும் இரட்டிப்பு.

தக்கார் சாரத்தின் கீழிருந்து கேட்கிறார்:
"நோட்டீஸ் அடிக்கணும் சார்,
ஓவியர் நைஷ்டிக பிரம்மச்சாரின்னு போட்டுடலாமா?
பொண்டாட்டி புள்ளை இருந்ததா
ஒரு தடயமும் இல்லையே."
இல்லைதான் என்றேன்.

கும்பகோணத்தில் வீட்டுக்காரம்மாவிடம்
லெனினைச் சித்தி மகன் என்றுதான்
சொல்லிவைத்திருக்கிறேன்.
அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக்.
எத்தனை சோப்பு போட்டாலும்
விரலிடுக்கில் கிரீஸ் போகாது.
சட்டையில் படாமல்
என் கழுத்தை மணிக்கட்டால் தொடுவான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம்.
எதைத் துடைத்தாலும்
ஒரு சின்னச் சதுரத்தை அழுக்காகவே விடவேண்டும்,
முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக.
எப்போதும் மூலையில் விடுவோம்,
யார் கண்ணும் படாத இடமாகப் பார்த்து.

மோகினியின் பின்னால்
மானும் மழுவும் நழுவ ஓடி வருகிறார் சிவன்.
முகத்துக்கு வரவில்லை இன்னும்,
சடை மட்டும் துலங்கியிருக்கிறது.
பிறைக்குப் பக்கத்தில்
கங்கை இருக்கவேண்டிய இடத்தில்
செருகியிருக்கிறது
அணில் மயிர்த் தூரிகை ஒன்று,
நுனியில் கரி.

பஞ்சைக் கீழே வைத்தேன்.

சதுரத்தை அங்கேயே விட்டேன்,
சடையிலிருந்து மோவாய் வரைக்கும்.
வழக்கத்தைவிடப் பெரியதுதான்.
அறிக்கையில்
காரணம் என்று கேட்டிருந்த கட்டத்தில்
'வண்ண அடுக்கு நிலையாக இல்லை,
தொட்டால் உதிரும்' என்று எழுதினேன்.