எக்ஹார்ட் மேட்டிக், வயது 58

கோர்லிட்ஸ், பிப்ரவரி 1991

பல்செட்டு செய்கிறவன் நான்.
பொய்ப்பல் கட்டுகிறவனை
மெய் பார்க்க உட்காரவைத்திருக்கிறார்கள்,
கட்சியில் இருந்ததில்லை
எதிலுமே இருந்ததில்லை என்பதற்காக.

பூகோள வகுப்பறை. முட்டி இடிக்கும் மேசைகள்.
சுவரில் இன்னும் கழற்றாத வரைபடம்:
இல்லாமல் போன நாடு, வெளிர்ச்சிவப்பில்.
காலையிலிருந்து பதினோரு பேர் வந்துபோனார்கள்.
தபால் பிரிக்கிறவள், நீச்சல் வாத்தியார்,
வாயே திறக்காமல் அழுத சமையற்காரி.
படிவத்தின் நான்காம் கேள்வி எல்லோருக்கும் ஒன்றே.
பாதுகாப்பு அமைச்சகத்தோடு
நேராகவோ மறைவாகவோ
எப்போதாவது தொடர்பு உண்டா?
ஆம். இல்லை.
இரண்டு கட்டங்கள்,
ஒவ்வொன்றும் ஒரு கடைவாய்ப்பல் அகலம்.

பன்னிரண்டாவது ஆள் மேட்டிக்.
இந்தப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குக் கரி அள்ளுகிறவர்.
"இல்லை" என்று குறித்திருந்தார்.
உறையில் ஆறு பக்கம் இருந்தது.
மூன்றாம் மாடி ஆசிரியைக்கு
மேற்கிலிருந்து காப்பித்தூள் வந்தது, இரண்டு முறை.
அவள் மகன் பூசை முடிந்தும்
தேவாலயத்தில் தங்கிப் பேசுகிறான்.
கீழே புனைபெயர்: கருங்குருவி.
பையனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை.
பழுப்புக்கரி வெட்டப் போனான்.
இவர் அள்ளுவதில் அவன் வெட்டியதும் இருக்கும்.

"பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்?" நோவாக் அம்மாள் கேட்டார்.
"டெலிபோன்.
மற்றவர்களுக்குப் பதினாலு வருஷம். எனக்கு நாலு மாசம்.
வீட்டுக்காரிக்கு இழுப்பு."

நான் குனிந்து பென்சில் சீவினேன்.
எண்பத்துமூன்று டிசம்பர், ராத்திரி இரண்டு மணி.
என் மகளுக்கு மூச்சு அடைத்து உதடு நீலம் பாரித்தது.
வெறுங்காலோடு பனியில் ஓடி
நான் தட்டிய கதவு இவருடையது.
ஒன்றும் கேட்கவில்லை, டயலைச் சுற்றிக் கொடுத்தார்.
எப்படி வந்த கம்பி என்று நானும் கேட்கவில்லை.
தெரியாமலா?
தெருவுக்கே தெரியும்.

நானும் அதே படிவத்தை நிரப்பினேன்.
நான்காம் கேள்விக்கு "இல்லை."
அது உண்மைதான்.

மேட்டிக் என் பக்கம் திரும்பவே இல்லை.
திரும்பியிருக்கலாம்.

நோவாக் அம்மாளின் கை உயர்ந்தது.
கணக்கு வாத்தியாரின் கை.
ஆறு பக்கம் ஆறு பக்கம்தான், அந்தப் பையன் அந்தப் பையன்தான்.
என் கையும்.

தொப்பியை எடுத்துக்கொண்டார்.
"திங்கட்கிழமை வேற ஆள்னா சொல்லிவையுங்கள்,
இடதுபக்கக் கதவு ஒட்டிக்கொள்ளும், காலால் ஒரு உதை வேண்டும்.
நாலு மணிக்கே மூட்டினால்தான்
எட்டு மணிக்கு இந்த மாடிக்குச் சூடு ஏறும்."

அப்புறம்தான் கவனித்தேன்,
எங்கள் மூவருடைய கோட்டும்
காலையிலிருந்து கொக்கியில் தொங்குகிறது.