எட்டுக்கு இருபுறமும் ஏழு

ஹமாமட்சுவில் எனக்கு முதலில் வசப்பட்ட சொல்
சுமிமாசென்.
மன்னியுங்கள்.
ரயிலில் சொன்னேன், லிஃப்டில் சொன்னேன்,
கீழ்வீட்டு வாசலில்
பிஸ்கட் டப்பாவை நீட்டியபடி சொன்னேன்.
ரூவான் இரவு இரண்டு மணிக்குக் குதிப்பான்.
தரைக்குத் தெரியுமா
அவனுக்கு எட்டே வயதென்று.

எங்கள் மொழிக்காரர்கள் இல்லாமலில்லை.
ஞாயிறுகளில் ஆற்றோரம் இறைச்சி சுடுவார்கள்.
போனேன்.
ஒருத்தி ஜெபிக்கச் சொன்னாள்.
ஒருத்தி டிவியைக் குறைக்கச் சொன்னாள்.
இன்னொருத்தி ஒன்றும் சொல்லவில்லை,
தன் மகளை மட்டும் மெல்ல
விரிப்பின் மறுமுனைக்கு நகர்த்திக்கொண்டாள்.
போர்ச்சுகீசில் எனக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.
அதுதான் சிக்கல்.

பிறகு, வீட்டு மெஷின் நின்றுபோன ஒரு மழை வியாழன்.
எண்ணெய்க் கறை படிந்த பாக்டரி உடுப்பு,
குடை, சோப்பு, இவன்.
எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு
தெருமுனைச் சலவை நிலையம்.
ஏழாம் எண் முன்னால் உட்கார்ந்தான்.
வட்டக் கண்ணாடிக்குள் துணி
ஏறி, விழுந்து, ஏறி
நாற்பது நிமிடம்
என் பிள்ளை அசையவில்லை.

அப்புறம் வாரத்தில் மூன்று நாள்.
அழுக்கு இல்லாத அன்று
துவைத்த திரைச்சீலையையே திரும்பவும் துவைத்தேன்.

ஒரு மாலை ஏழின் மேல் மஞ்சள் காகிதம்.
எழுத்து படிக்கத் தெரியாது,
ஆனால் பழுது என்பது எந்த மொழியிலும்
ஒரே மாதிரிதான் ஒட்டப்படுகிறது.
அலறினான். தலையால் கதவை முட்டினான்.
மடித்துக்கொண்டிருந்தவர்கள் வேகமாக மடித்தார்கள்,
மடிக்காமலும் போனார்கள்.
நான் வாய் திறப்பதற்குள்
"சுமிமாசென்" என்றது வேறொரு குரல்.

குரிமோட்டோ அம்மாள்.
பக்கத்தில் முப்பது வயதுப் பிள்ளை, கோஹெய்,
ஆறடி உயரம்.
ஒட்டியிருப்பது எதையும்
உரிக்காமல் விடமாட்டான் போலும்.
மெஷினிலிருந்து ஏழை உரித்துக் கையில் வைத்திருந்தான்.
அந்தம்மாள் என்னைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்,
விரலிலிருந்து ஏழை வாங்கி
ஒன்பதின் மேல் ஒட்டினார்.
காசு போட்டார்.
கழுத்துத் துணியை அவிழ்த்து உள்ளே எறிந்தார், சிவப்பு.
வெறும் டிரம்மில் அது தனியாகச் சுழன்றது.

ரூவான் ஏமாந்தானா, மன்னித்தானா, தெரியாது.
உட்கார்ந்தான்.
அவன் அருகில் கோஹெய்.
நான் தரையிலேயே அமர்ந்து
என்ன மொழியென்று இல்லாமல் அழுதேன்.

பெருவிலிருந்து வந்த வில்மெர் பிறகு சேர்ந்தார்.
அவர் மகள் யமிலெத்துக்கு
உலர்த்தியின் சூட்டுக் காற்று கன்னத்தில் படவேண்டும்,
சக்கர நாற்காலியை அங்கே பூட்டிவிடுவார்.
பேச்சு பாதி கையால், மீதி போனால்.
கனிவான பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார்
என்று அந்தம்மாள் சொன்னதை
"டாக்டருக்குப் பற்கள் கனிந்திருக்கின்றன" என்றது போன்.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
ஆனாலும் டாக்டர் உண்மையிலேயே கனிவானவர்,
விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்.

எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தைக்
காலியாக விடலாமென்று வில்மெருக்குத் தெரியும்.
நாம் போனபின் இவனை யார், என்பது
குரிமோட்டோவுக்கும் தெரியாது.
அந்தக் கேள்வி வரும்போது
மூவரும் துணி மடிப்போம்.

பழுதைச் சரிசெய்த கடைக்காரர்
பழைய இடத்தில் புது ஏழு ஒட்டினார்.
மற்றதை ஏனோ உரிக்கவில்லை.
இப்போது எட்டுக்கு இருபுறமும் ஏழு.
புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள்.

இரவு இரண்டுக்கு இன்னும் குதிக்கிறான்.
நாளை வாங்கவேண்டியவை:
கீழ்வீட்டுக்கு பிஸ்கட்.
நூறு யென் சில்லறை, நிறைய.