நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே

பதினோரு முறை போயிருக்கிறேன் அந்தக் கரையோரம்.
பெர்கனில் ஏறி, ரஷ்ய எல்லை வரை,
மறுபடி பெர்கன்.
காட்பாடி ரயிலடியில் ஆட்டோக்காரர் கேட்டால்
"கப்பல்ல இருக்கேன்" என்பேன்.
என்ன வேலை என்று அவர் கேட்பதற்குள்
பாலாற்றுப் பாலம் வந்துவிடும்.
மணலைப் பார்த்ததும் பேச்சு
மணலுக்குப் போய்விடும்.

மலை செங்குத்தாய்க் கடலில் இறங்குமாம்.
அருவி ஏழும் அக்கா தங்கைகளாய்த் தோளுரசி நிற்குமாம்.
நள்ளிரவில் சூரியன் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து
முழுகாமல் ஏறிவிடுமாம்.

'மாம்' போட்டுத்தான் சொல்ல முடியும்.
நான் இருந்தது சலவைத் தளம்.
ஜன்னல் இல்லை.
நாளொன்றுக்கு நாலாயிரம் துவாலை.

ஆனால் அந்தக் கரை எனக்குத் தெரியாது என்று
யாரும் சொல்லிவிட வேண்டாம்.
கால்சட்டை முட்டியில் பச்சைக் கறை வந்தால்
அன்று பாறையில் ஏறியிருக்கிறார்கள்.
பைக்குள் கருநீலப் பழம் நசுங்கியிருந்தால் ஆகஸ்ட்.
மேசைவிரிப்புகள் கறையே இல்லாமல் வந்தால்
தீவுகளின் மறைப்பு முடிந்து திறந்த கடல்:
ஒருவரும் சாப்பிடவில்லை.
அடுத்த அரை மணியில் துவாலைகள் வந்து குவியும்,
எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருமுறை ஒரு சட்டைப்பையில்
கடற்பறவையின் இறகு.
அறை எண் எழுதித் திருப்பி அனுப்பினேன்.
மறுநாள் அதே சட்டை, அதே பை, அதே இறகு.
வைத்துக்கொள் என்கிறாரா, மறந்தே போனாரா?
வடக்குக்கடல் என்னிடம் கேட்ட
ஒரே கேள்வி அதுதான்.

மேலே ஏற்றியதும் உண்டு, தீ ஒத்திகைக்காக.
ஆரஞ்சு அங்கி மாட்டி எட்டு நிமிடம் நின்றோம்.
மூடுபனி.
"அதோ மலை" என்றான் பக்கத்தில் ரோமெல்.
கை காட்டிய பக்கம் வெள்ளையாய் இருந்தது.
நம்பினேன்.

விடுப்பில் வந்தேன். மே மாதம்.
சத்துவாச்சாரி வீட்டில் மின்விசிறி
அனலை எடுத்து அனலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.
ராணிப்பேட்டையில் செருப்புக்கு மேல்தோல் தைக்கும் அமுலு
ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் கேட்டாள்:
"நீ மட்டும் சுத்திகினு வர்ற.
என்னையும் ஒரு கப்பல்ல ஏத்து."

கோட்டை அகழியில் மிதிபடகு விட்டார்கள்.
தலைக்கு இவ்வளவு, அரை மணி நேரம்.
சீட்டுக் கொடுத்த ஜபருல்லா
"சுவத்த இடிக்காதீங்க" என்றார்,
நானூறு வருஷச் சுவருக்கு எங்களால் ஆபத்து
என்பதுபோல.

வடக்குப் பக்கம் திரும்பியதும் ஆள் சத்தம் நின்றது.
கருங்கல் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.
எவ்வளவு ஆழமோ, கீழே தெரியவில்லை.
கல்லிடுக்கில் ஓர் அத்தி, தானே முளைத்து,
சுவரை ஒருபக்கமாய் நெம்பிக்கொண்டிருந்தது.
நீர்க்காகம் இறக்கையை விரித்துக்
காயப்போட்டிருந்தது,
யாரும் அதற்கு அறை எண் எழுதவில்லை.
ஒரு குளிர்பான பாட்டில் எங்களோடு
கொஞ்ச தூரம் வந்தது.

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.
அமுலுவும் ஒன்றும் சொல்லவில்லை.
தனியாக மிதித்தாள், படகு மெல்ல வட்டம் போட்டது.
சுவர் வந்தது, போனது, மறுபடி வந்தது.
பிறகு கேட்டாள்:
"அங்க இன்னாத்த பாத்த? இப்டித்தான் இருக்குமா?"

"இருக்கும்" என்றேன்.
எட்டிச் சுவரைத் தொட்டேன். வழுக்கியது.
முட்டி கல்லில் தேய்ந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை
தண்ணீர் வந்த நேரத்தில்
என் கால்சட்டையை விரித்துப் பிடித்து
"இன்னா கறை இது, போவவே போவாதாட்டம் இருக்குது"
என்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சைக் கறைக்கு வெந்நீர் ஆகாது.
தண்ணீரில் காடி கலந்து பத்து நிமிடம் ஊறவைத்தால்
சுவடில்லாமல் போய்விடும்.
பதினோரு பயணத்தில் நான் கற்றது அது.

சொல்லவில்லை.