இப்போது தந்தது

குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகும் வழியில்
ரப்பர்பால் எடுக்கும் கொட்டகை.
அமோனியா நெடி. இரண்டு தராசு, இரண்டு கணினி.
இரண்டுக்கும் ஒரே டேட்டாபேஸ்,
எழுதிக் கொடுத்தவன் நான்.

பெயரைத் தட்டலாம், எடையைத் தட்டலாம்.
எண்ணை மட்டும் நாம் தட்டுவதில்லை.
அது தானே இட்டுக்கொள்ளும்.
இட்டதைக் கேட்டு வாங்கி
மாதிரிக் குப்பியில் ஒட்ட வேண்டும்.
நூறில் எத்தனை பங்கு ரப்பர் என்று
மறுநாள் அந்த எண்ணுக்குத்தான் வரும்.
காசும் அதற்குத்தான்.

செவ்வாய்க்கிழமை டெல்பின் பாய்
ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வந்தார்.
"எனக்க பேருக்கு நேரே ஒண்ணும் இல்லியே.
வெறும் கேனையா நான் சொமந்துட்டு வந்தேன்?"

பக்கத்துத் தராசில் வின்சிலாஸ்
வாயே திறக்கவில்லை.
அவருக்கு முப்பத்தொன்பது விழுந்திருந்தது,
ஞாயிறு இரவெல்லாம் மழை பெய்தும்,
பிளாஸ்டிக் பாவாடை கட்டாத மரங்களிலிருந்து.

ஆய்வுக்கூடத்தில் விசாரித்தேன்.
4170 என்று ஒரு குப்பியும் வரவில்லை.
4171 என்று இரண்டு.
முதலில் கைக்கு வந்ததைச் சோதித்தார்களாம்,
மற்றதைக் கொட்டிவிட்டார்களாம்.

வடசேரி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு,
நூறு தடவை ஓட்டிப் பார்த்த நிரல்தான்.
பதிவு செய்,
பிறகு இருப்பதிலேயே பெரிய எண் எது என்று கேள்.
நூறு தடவையும் சரியாகத்தான் சொன்னது.
அங்கே நான் ஒருவன்தானே இருந்தேன்.

இங்கே டெல்பின் பாயின் பால் ஏறியதற்கும்
நான் கேட்டதற்கும் இடையில்
ஒரு சொட்டு விழும் நேரம்.
அதற்குள் அடுத்த தராசில் வின்சிலாஸ் ஏறிவிட்டார்.
பெரிய எண் அவருடையது.
இரண்டு கணினிக்கும் அதையே சொல்லியிருக்கிறது.
பொய் சொல்லவில்லை, பாவம்,
கேட்டதற்குப் பதில் சொன்னது.

ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது.
எது பெரிது என்று கேட்காதே.
இப்போது, இந்தக் கம்பி வழியாக,
என் கையிலிருந்து வாங்கினாயே,
அதற்கு என்ன இட்டாய் என்று கேள்.
மற்ற கம்பியில் ஆயிரம் பேர் ஏறட்டும்,
அதற்கு நான் கொடுத்ததுதான் ஞாபகம் இருக்கும்.
ஒரு வரி.
இரவு இரண்டு மணிவரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, டெல்பின் பாயின் கேனை
ஸ்கூட்டரிலிருந்து இறக்க
வின்சிலாஸ் ஒரு கை பிடித்தார்.
என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை,
அதற்குப் பேரேட்டில் கட்டம் இல்லை.

பத்தே காலுக்குக் கரண்ட் போனது.
வந்தபின் செயலாளர் பட்டியலை விரலால் தடவி,
"நாலாயிரத்தி இருநூத்தி மூணு எங்கடே?" என்றார்.
4202 இருந்தது. 4204 இருந்தது.

எண் இட்டாகிவிட்டது,
பதிவு முடியுமுன் நின்றுவிட்டது,
இட்ட எண்ணை அது இன்னொருவருக்குத் தராது என்றேன்.
"அப்போ அது யாருக்கு?"

யாருக்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
கொட்டகை வாசலில்
ஒரு பையன் கேனோடு நின்றிருந்தான்,
அவன் பாலை இன்னொரு தடவை
நிறுக்கச் சொல்லி.