திரும்பியவர்கள்

ஏழாம் மாதம் நானே பற்றவைத்துப் போட்ட கொலுசு.
காலுக்குப் பதினோரு மணி.
பனங்காட்டில் எங்கள் பட்டறையிலிருந்து
இவ்வளவு சத்தமாக ஒன்று வெளியே போனதில்லை.
தன்ஷிகா காலை உதைத்தாள்.
வீட்டில் எல்லோரும் திரும்பினோம்,
அவளைத் தவிர.

அழுத்தக்காரி, கண்டுக்க மாட்டா என்றார்கள்.
நம்ம வகையறாவுல பேச்சு லேட்டுத்தான் என்றார்கள்.
பூங்கொடி ஒன்றும் சொல்லாமல்
எவர்சில்வர் தட்டைக் கைநழுவ விட்டாள்.
அது சுற்றிச் சுற்றித் தரையில் அடங்கும்வரை
குழந்தையின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது அசையவில்லை.

அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறை.
நீங்க ரெண்டு பேரும் என்ன முறை, என்றார் பெனாசிர் மேடம்.
இவர் எனக்கு அத்தை மகன், என்றாள் பூங்கொடி.
திட்டுவார் என்று நினைத்தேன்.
கரண்ட் பில்லின் பின்பக்கம் கட்டம் வரைந்தார்.
என் தொழிலைக் கேட்டுவிட்டு அதிலேயே சொன்னார்:
ஒவ்வொருவரிடமும் இரண்டிரண்டு அச்சு.
ஒன்றில் பல் உடைந்திருந்தாலும்
மற்றது வேலையை முடித்துவிடும், வெளியே தெரியாது.
என்னிடம் ஒரு உடைந்த அச்சு.
அவளிடமும் அதே இடத்தில் உடைந்தது.
பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதாமலே
இரண்டு கிளைக்கும் வந்து சேர்ந்த பங்கு.
நாலில் ஒன்றுதான் இப்படி ஆகும், என்றார்.
நாலு பெற்றால்தானே அந்தக் கணக்கு?
எங்களுக்கு இருப்பது ஒன்று.

அதற்குப் பிறகு சொன்னதுதான் தூங்கவிடவில்லை.
மூளையில் காதுக்கென்று ஒரு நிலம் உண்டாம்.
ஒலி வந்து குடியேறாவிட்டால்
பக்கத்து நிலத்துக் கண்
வேலியைத் தள்ளித் தள்ளிப் போடுமாம்,
சண்டை சச்சரவு இல்லாமல்.
மூன்றரை வயசுக்குமேல்
பட்டாவை நீட்டினாலும் முழுசாகத் திரும்பாது.
அதுவரைக்கும் சும்மா கிடக்காதா மேடம்?
மூளை எதையும் சும்மா போடாதுங்க.

அந்த ஞாயிறு வண்டியில் ஏற்காடு ஏறினோம்.
பதினாலாம் வளைவில் காது அடைத்தது.
எச்சில் முழுங்காதே, என்றேன் பூங்கொடியிடம்.
முழுங்காமலே மேலே போய் நின்றோம்.
கீழே சேலம் மொத்தமும்
கண்ணாடிக்குப் பின்னால் வைத்த மாதிரி.
இப்படித்தான் இருக்குமா இவளுக்கு?
நடுவில் உட்கார்ந்து குரங்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
எனக்குத் தாங்கவில்லை, முழுங்கிவிட்டேன்.
காற்று, ஹாரன், கடலை விற்பவன்
எல்லாம் ஒரே தடவையில் உள்ளே வந்து விழுந்தது.
திருடியதுபோல் இருந்தது.

இருபத்திரண்டாம் மாதம் ஆபரேஷன்.
கருவியை முதன்முதலில் போட்டபோது
வீறிட்டாள். பிடுங்கி எறிந்தாள்.
கேட்குது, அதான் அழறா, என்றார் மேடம்.
கருவி கதவைத்தான் திறக்கும்;
உள்ளே ஆள் போக வேண்டுமென்றால்
பேசுங்கள், பேசிக்கொண்டே இருங்கள்.

நான் பேச்சுக்குப் பிறந்தவன் இல்லை.
பகல் முழுக்க வாயில் ஊதுகுழல்,
ராத்திரி களைப்பு.
இப்போது கத்திரிக்காயோடு பேசுகிறேன்.
ஐந்து ரோட்டில் ஒவ்வொரு பஸ்ஸின் ஊரையும் சொல்கிறேன்.
துவரம்பருப்பு, துவரம்பருப்பு என்று நாற்பது முறை.
கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்.
பெயர் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டால்
இன்னும் திரும்ப மாட்டாள்.

அவள் இடம் எப்போதும் பிரஸ் மிஷினுக்குக் கீழே.
கருவி வருவதற்கு முன்பே, தவழும்போதே,
அங்கே போய்க் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுப்பாள்.
குளிர்ச்சிக்கு என்று நினைத்திருந்தோம்.
தும், தும், சற்று இடைவெளி, தும்:
அது தரை வழியாக அவளுக்குள்
முன்னமே வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நேற்று சாயங்காலம் கரண்ட் போனது.
பிரஸ் பாதி அடியில் நின்றது.
பட்டறையில் ஆறு பேர், பழகிப்போனவர்கள்,
ஒருத்தரும் தலை நிமிரவில்லை.
வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன்ஷிகா
திரும்பினாள்.
நின்றுபோன சத்தத்தைக் கையால் காட்டி
ம்? என்றாள்.

ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தேன்.
கரண்ட் போயிடுச்சு கண்ணு, என்றேன்.
கரண்ட்.
போயிடுச்சு.