ஐந்து நிமிடம்

அக்டோபர் கடைசி ஞாயிறு
கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளச் சொல்லி
வானொலியில் அறிவிப்பார்கள்.
மாடுகளிடம் யார் சொல்வது?

அதனால் பன்னிரண்டு நாள் முன்பே தொடங்கிவிடுவேன்.
முதல் நாள் கறப்பு ஐந்து ஐந்துக்கு,
மறுநாள் ஐந்து பத்துக்கு.
ஐந்து நிமிடத்தை மடி கண்டுகொள்ளாது.
ஒரு மணி என்றால் கண்டுகொள்ளும்,
கல்லாய்க் கட்டிக்கொண்டு உதைக்கும்.

எஸ்தோனியாவின் தென்கோடி, வோரு பக்கம்.
இருபத்து மூன்று மாடு, ஒரு நாய்,
செப்டம்பரிலிருந்து ஹெல்துரும்.

நார்வா மின்நிலையத்தில்
பத்தொன்பது ஆண்டு இரவுப் பணி.
அவன் உலையை அணைத்துவிட்டார்கள்.
ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான்.
இரவையும் கூடவே கொண்டுவந்திருந்தான்.

நான் எழும்போது சமையலறையில் இருப்பான்,
குறுக்கெழுத்தும் பென்சிலுமாக.
நான் தொழுவத்திலிருந்து திரும்பினால் படுக்கப் போவான்.
எழுவது பிற்பகல் மூன்றுக்கு.
இந்த மாதத்தில்
மூன்றுக்கு மேல் மிஞ்சும் பகல்
வாய்க்குக் காணாது.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
முதல் நாள்
மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
வாணலி மூடியைக் கைதவறிப் போட்டேன்.
மறுநாள் பத்து நிமிடம் முன்னால்
நாயை மாடிக்கு விட்டேன்.
அதற்கு மறுநாள் காபி.
அதற்கு மறுநாள்
ஜன்னலுக்கு நேர்கீழே பிர்ச் விறகு பிளந்தேன்,
ஏற்கெனவே பிளந்து வைத்ததைத்தான்.
பிறகு மறுபடி மூடி.

பால்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
மூன்று மணியைக் காலை ஏழுக்குக் கொண்டுவர
எட்டு மணி நேரம்,
தொண்ணூற்றாறு நாள்.
ஜனவரியில் வந்து சேருவான்,
பனி இடுப்பளவு கிடக்கையில்.

காலம் அது பாட்டுக்குப் போனது.
கொக்குகள் வயலைக் காலிசெய்துகொண்டு கிளம்பின.
பொறுக்காத ஆப்பிள்களின் மேல் உறைபனி.
காருக்குக் குளிர்கால டயர் மாட்டியாயிற்று.
மேல்கோட்டில் ஒளிர்வில்லையைத் தொங்கவிட்டேன்,
இருட்டில் பால்வண்டிக் கால்ஜு
என் மேல் ஏற்றிவிடக் கூடாதே என்று.

லேஹிக் மட்டும் ஒப்பவில்லை.
பதினோரு வயது, நெற்றியில் வெள்ளைக் கீற்று.
ஐந்து அடித்தால் கத்துவாள்,
ஐந்தரைக்குக் கறக்கிற நாளிலும்.
தீவனம் காட்டிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன்,
பிறகு
தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் ஐந்துக்குச் சத்தமே இல்லை.
செத்துத்தான் போய்விட்டாளோ என்று
பூட்ஸைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

தொழுவத்தில் விளக்கு.
கவிழ்த்த வாளிமேல் ஹெல்துர்.
ஒரு கையால் அவள் கழுத்தைச் சொறிந்தபடி
அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தான்:
தென்னமெரிக்க ஆறு, ஏழெழுத்து.

என்னைப் பார்க்காமலே,
“மூடி இன்னும் எத்தனை நாள் விழும்?” என்றான்.

“எண்பத்தெட்டு.”

சற்று நேரம் சொறிந்தான்.
“உலையையும் அப்படித்தான் ஆறவிடுவோம்.
மணிக்கு இத்தனை டிகிரி என்று கணக்கு உண்டு.
அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும்.”

லேஹிக் மூச்சு விட்டாள்,
அவன் சட்டைக் கை முழுக்க ஈரம்.

ஞாயிறு வந்தது.
கால்ஜு புது நேரத்துக்கு வந்தான், பால் தயாராக இருந்தது.
மாடுகளுக்கு ஒன்றுமே நடந்திருக்கவில்லை.

அன்று மூடி விழுந்து ஹெல்துர் இறங்கி வந்தபோது
கடிகாரத்தில் ஒன்று.
இருவரும் அதைப் பார்த்தோம்.
மாடுகளுக்கு நான் ஐந்தைந்தாய்ச் சேர்த்த ஒரு மணியை
அவனுக்கு அரசாங்கம் சும்மா கொடுத்திருந்தது.

சூப்புக்கு முன்னால்
பால்சீட்டைத் திருப்பினான்,
எண்பத்து நான்கை அடித்துவிட்டு
எழுபத்திரண்டு என்று எழுதினான்.

வெளியே வெயில் இருந்தது,
மெலிசாக, வேலிவரைக்கும்.
கையுறை எங்கே என்று கேட்டான்.