ரிகோட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கம்

முதலில் பழி விழுந்தது முன்கண்ணாடி மேல்.
கரிப்பொடி தூவியதுபோல் ஏழெட்டுப் புள்ளிகள்.
துடைத்தேன். நான் எங்கே பார்த்தாலும்
அவையும் அங்கே வந்தன.
வைப்பர் மாற்றினேன், காசுக்குக் கேடு.
"இந்தக் குளிரில் கொசுவா?" என்றான் மல்காஸ்.

குதாய்சிச் சந்தையில் தட்டில் கண்ணாடி விற்பவன்
இரண்டு பவர் ஒன்றை மாட்டிவிட்டான்.
சில்லறை பெரிதாய்த் தெரிந்தது.
புள்ளிகள் அப்படியே.

ஞாயிறு இரவு, விளக்கணைத்துப் படுத்தால்
வலக்கண் ஓரத்தில் மின்னல்.
மழையில்லை, இடியில்லை,
வலியும் இல்லை. அதுதான் மோசம்:
சொத்தைப் பல்லைப்போல் கத்தியிருந்தால்
பாதி ராத்திரியிலேயே ஓடியிருப்பேன்.
லமாராவிடம் சொல்லவில்லை.
தூங்கினால் தீரும் என்று கண்ணை மூடினேன்.
மூடிய கண்ணுக்குள்ளும் மின்னியது.

செவ்வாய். பதினாறு பேர்,
ஒரு மூட்டை அக்ரூட், கூடைக்குள் ஒரு கோழி.
ஷ்ரோஷாவின் மண்பானை வரிசை கடந்து
ரிகோட்டி ஏறி இறங்கி
சுராமியில், இனிப்பு ரொட்டிக்காரிகள்
சாலையோரம் கையசைக்கும் இடம்.
ஏனோ இடக்கண்ணைப் பொத்தினேன்.
கை தெரிந்தது.
கைக்கு உரியவள் இல்லை.
அடியிலிருந்து கறுப்பு ஏறியிருந்தது,
வெள்ளம் புகுந்த வீட்டின் சுவர்க்கோடு மாதிரி.

ஓரங்கட்டினேன். பின்னால் வந்த மல்காஸின் வண்டியில்
பதினாறு பேரையும் கோழியையும் ஏற்றிவிட்டு
நானும் ஏறினேன்.
முப்பது வருடத்தில் முதல் தடவையாக
இந்தச் சாலையில் என் கைகளுக்கு வேலையில்லை.
மடியில் வைத்துக்கொண்டேன், யாருடையதோ போல.

திபிலீசியில் டாக்டர் சியாலா சொட்டு விட்டார்.
கருமணி விரிந்து
ஜன்னல் வெயில் ஊசியாய் இறங்கியது.
"மேலே பார். கீழே. உன் காதைப் பார்."
"ஏதோ திரை மறைக்கிறது டாக்டர்."
"மறைக்கவில்லை, கழல்கிறது. விழித்திரை.
ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம்
ஓரம் கிழிந்து உரியுமே, அப்படி.
நடு இன்னும் ஒட்டியிருக்கிறது."
பிறகு, எழுதிக்கொண்டே:
"புள்ளி எப்போது வந்தது?"
"நேற்று."
பேனா நின்றது.
"வெள்ளிக்கிழமை" என்றேன்.
"வெள்ளிக்கிழமையே வந்திருந்தால்
ஒருவேளை லேசரால் நாலு தையல், சாயங்காலம் வீடு.
இன்று கத்தி.
நடுவும் உரிந்த பிறகு வந்தால்
என்னால் முடிவது கொஞ்சம்தான், நுக்ஸார்."
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றிரவே முடிந்தது. கண்ணுக்குள்
வாயுக்குமிழ் ஒன்றை அடைத்து
ஏழு நாள் தரையைப் பார்த்துக் கிட என்றார்.
"இன்னொன்று. குமிழ் கரையும்வரை மலை ஏறாதே.
உயரம் போனால் அது உப்பும். கண் தாங்காது."

ஒன்பதாயிரம் முறை கணவாய் கடந்தவன்
இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன்,
மல்காஸின் மச்சினன் வீட்டு மூன்றாம் மாடியில்.
தரையில் இருநூற்றுப் பன்னிரண்டு சதுரக்கல்.
லமாரா தினமும் போனில் ஒரே கேள்வி:
"இன்னிக்கு எவ்வளவு பெரிசு?"
ஆரஞ்சு. பிளம்ஸ். திராட்சை.
தலை அசைந்தால் தளும்பும்,
கொத்தனாரின் ரசமட்டக் குமிழ்போல.
பட்டாணி. கடுகு.
ஒரு காலை காபி ஊற்றும்போது தேடினேன்.
இல்லை.

திரும்பும்போது மல்காஸ் ஓட்ட, நான் பக்கத்து இருக்கை.
சுராமியில் ரொட்டி வாங்கினேன்.
கை, தோள், மூக்கு நுனியில் மாவு,
சிரித்தால் ஒரு தங்கப்பல்: முழுசாக ஒருத்தி.
வலக்கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தாள்.
நேராகலாம் என்றார் டாக்டர். ஆகாமலும் போகலாம்.

ஏற்றம் தொடங்கியதும் மல்காஸ்
முன்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தான்.
கொஞ்ச தூரம் போய் மறுபடி துடைத்தான்.
"ஓரங்கட்டு" என்றேன்.
"ஒரு கண்ணைப் பொத்து."